ராகுகாலத்தில் இரும்பு ஊற்றிய மகளுக்கு

கண்ணு,

ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, ஒரே சட்டிச் சோற்றைத் தின்றுகொண்டு, பெற்ற மகளுக்குக் கடிதம் எழுதுகிறவள் இந்தக் கும்மிடிப்பூண்டியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நீ ஷிஃப்டுக்குப் போயிருக்கிறாய். மதியச் சாப்பாடு முடிந்து மெஸ்ஸில் பெஞ்சுகளைத் துடைத்தாயிற்று. உன் நைனா உள்ளே குறட்டை விடுகிறார். இதையெல்லாம் நேரில் சொன்னால் "போதும்மா" என்று எழுந்து போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு மடித்து ஒளித்து வைக்காதே. யார் கேட்டாலும் படிக்கக் கொடு. இந்தக் கடிதம் உனக்கு மட்டும் எழுதியது அல்ல.

நேற்று செவ்வாப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா ரயில் மாறி, வழியெல்லாம் விசாரித்துக்கொண்டு நம் மெஸ்ஸுக்கு வந்தார். சாப்பிட வந்தவர் என்று நினைத்து இலை போட்டேன். உட்கார்ந்தவர் சோற்றில் கை வைக்கவில்லை. "உங்க பொண்ணுக்கும் அமெரிக்கா விசா இல்லன்னுட்டாங்களாமே, அப்பால நீங்க இன்னா பண்ணீங்க?" என்று கேட்டார். அவர் மகனுக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைத்து, போன வாரம் விசா மறுத்துவிட்டார்களாம். பையன் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறானாம். அந்த அம்மாவுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே ஒன்று விளங்கியது. நானும் உன் நைனாவும் எதையும் செய்யவில்லை. செய்ததெல்லாம் நீ. நாங்கள் பக்கத்தில் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம், அவ்வளவுதான். முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்ன இதை உன்னிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

எங்கிருந்து தொடங்குவது? நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது திருவள்ளூரில் துணிக்கடைக்காரர் ரெண்டு பாவாடைத் துணியை விரித்துப் போட்டு, "எது வேணும் பாப்பா?" என்று கேட்டார். "அம்மாவக் கேட்டுச் சொல்றேன்" என்றாய். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். பள்ளிப்பட்டில் உன் அத்தை வீட்டுக் கல்யாணத்தில் இன்னொரு ஜாங்கிரி வைக்க வந்தவரிடமும் அதையே சொன்னாய். பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடம் எடுக்கிறாய் என்று டீச்சர் கேட்டபோது, "ஊட்ல கேட்டுச் சொல்றேன் டீச்சர்" என்றாய். ஊரே உன்னை மெச்சியது. "இன்னா அடக்கம், இன்னா அடக்கம்" என்று உன் அத்தை நெட்டி முறித்தாள். எனக்கும் தலைகால் புரியவில்லை. வளர்த்தால் இப்படி வளர்க்க வேண்டும் என்று நாலு பேர் காதுபட நானே சொல்லியிருக்கிறேன். எனக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சம் ஜாஸ்தி, உனக்குத் தெரியாததா.

அந்த வளர்ப்பை எடுத்துக்கொண்டுதான், மேல்படிப்புக்கு விசா கேட்டு, நீ முதல் தடவை சென்னையில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் போனாய். இஸ்திரி போட்ட சட்டையோடு உன் நைனாவும், கோயில் குங்குமத்தோடு நானும் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றோம். நீ வெளியே வந்த முகத்தைப் பார்த்ததுமே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாய். படிப்பு முடிந்ததும் என்ன செய்யப்போகிறாய் என்று விசா அதிகாரி கேட்டிருக்கிறார். "என் அப்பா அம்மா என்ன சொல்கிறார்களோ அதைச் செய்வேன்" என்று சொல்லியிருக்கிறாய். அவர், "அது இருக்கட்டும், நீ என்ன செய்யப்போகிறாய்?" என்று மறுபடி கேட்டிருக்கிறார். நீ பேசாமல் நின்றிருக்கிறாய். படிப்பு முடிந்து ஊர் திரும்புவாய் என்ற நம்பிக்கை வரவில்லை என்று ஒரு தாளோடு பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"நல்ல பதிலத்தான சொல்லிகிற? இதுக்கு மேல அந்தாளுக்கு இன்னா வேணுமாம்?" என்றார் உன் நைனா. நான் சும்மா இருப்பேனா? பேசின் பிரிட்ஜில் ஆரம்பித்து மீஞ்சூர் வரைக்கும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அந்த அதிகாரியைத் திட்டிக்கொண்டு வந்தேன். பெற்றவர் பேச்சைக் கேட்கிற பிள்ளை அவருக்கு ஆகாதாம், அவர் பெற்ற பிள்ளை அவரை மதிக்கிறதோ என்னவோ என்றெல்லாம் பேசினேன். பொன்னேரி வந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த நீ திரும்பாமலேயே, "அவர் கேட்டது சரிதாம்மா. எனக்குத்தான் பதில் தெரியல" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. ஆசைப்பட்டது கையை விட்டுப் போன நாளில், அதைக் கொடுக்காதவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று சொல்ல ஒரு நெஞ்சு வேண்டும். அந்த நெஞ்சு உனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன். என்னிடமிருந்து வந்திருக்க வழியில்லை.

மறுநாளிலிருந்து நான் செய்த காரியம், கேட்டவர்களிடமெல்லாம் "காலேஜு ஜனவரியிலதான் தொறக்கறாங்களாம்" என்று சொன்னது. உன் நைனா டீக்கடைப் பக்கம் போவதையே விட்டார். நீ என்ன செய்தாய்? காலையில் நாஷ்டா நேரத்தில் பெஞ்சு நிறைய ஆட்கள். உலை ஓட்டுகிற ஏழுமலை, நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நம் மெஸ்ஸில் சாப்பிடுகிறவர், "இன்னா பாப்பா, இன்னும் பிளேன் ஏறலியா?" என்று கேட்டார். நீ இட்லித் தட்டோடு நின்று, "விசா குடுக்கல மாமா. கேட்டதுக்கு நான் சரியா பதில் சொல்லல" என்றாய். அப்புறம், "இன்னும் ரெண்டு வெக்கட்டா?" என்று கேட்டாய். பிறகு யாரோ சட்னி கேட்டார்கள். அதோடு முடிந்தது கதை. அதற்குப் பிறகு நம் தெருவில் யாரும் அதைப் பற்றிக் குசுகுசுவென்று பேசவில்லை, ஏனென்றால் பேசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. செவ்வாப்பேட்டை அம்மாவிடம் முதலில் இதைத்தான் சொன்னேன். மகனைக் கதவைத் திறந்து வெளியே வரச்சொல்லுங்கள், கேட்கிற முதல் ஆளிடமே உள்ளதைச் சொல்லச் சொல்லுங்கள் என்றேன்.

அந்த வாரமே நீ இடம் கொடுத்திருந்த அமெரிக்கக் கல்லூரிக்கு எழுதினாய். விசா கிடைக்கவில்லை, என் இடத்தை அடுத்த வருஷத்துக்கு வைத்திருக்க முடியுமா என்று. வைத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. அப்படிக் கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. இடம் போயே போய்விட்டது என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செவ்வாப்பேட்டை அம்மாவுக்கும் அது தெரியவில்லை. கையில் எழுதிக்கொண்டு போனார்.

உன் நைனாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. யாரோ சொன்னார்கள் என்று திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஏஜென்ட்டிடம் உன்னைக் கூட்டிக்கொண்டு போனார். நானும் வந்தேன். அந்த ஆள் நாற்காலியை ஆட்டிக்கொண்டே, "ஒரே மாசத்துல மறுபடி போட்டுடலாம் நைனா. ஊருக்குத் திரும்பி வரும்னு அவங்க நம்பறதுக்கு, பள்ளிப்பட்டுல பொண்ணு பேருக்கு நெலம் கீதுன்னு காகிதம் நான் ரெடி பண்ணிடறேன். இன்னா பதில் சொல்லணும்னு எழுதித் தரேன், மனப்பாடம் பண்ணிகினு போனா போதும், பேஜாரே இல்ல" என்றான். உன் நைனாவின் தலை தானாக ஆடியது. நீ அவனிடம் ரொம்ப மரியாதையாகக் கேட்டாய்: "நெலம் கீதுன்னு சொல்லிட்டா, நான் இன்னா செய்யப்போறேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடுமா சார்?" அவனுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. நீ எழுந்துவிட்டாய். பஸ்ஸில் உன் நைனா ஊர் வரும்வரை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். நான் உன் பக்கம் பேசவில்லை, அவர் பக்கமும் பேசவில்லை. பொய்க் காகிதம் தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஓர் ஓரத்தில், கிடைத்தால் நல்லதுதானே என்று இருந்தது. பெற்ற மனம் அப்படித்தான், கண்ணு. அதன் பேச்சை எப்போதும் கேட்கக் கூடாது.

பிறகு ஒருநாள் முட்டி வரைக்கும் தூசியோடு வந்து, இரும்பாலையில் லேபுக்குச் சேர்ந்துவிட்டேன் என்றாய். சேர்ந்த பிறகு சொன்னாய். "ஊட்ல ஒரு வார்த்தை கேக்கமாட்டியா?" என்று நான் குதித்த குதி உனக்கு நினைவிருக்கும். உலோகம் படித்த பெண் உலைக்குப் பக்கத்தில் போவாள் என்று எனக்கு ஏனோ தோன்றியதே இல்லை. படிப்பு வேறு, உலை வேறு என்று நினைத்திருந்தேன். ஆம்பிளை ஷூ, தலையில் மஞ்சள் தொப்பி, வீட்டுக்கு வரும்போது தலைமுடியில் புகை வாசம். எந்த மாப்பிள்ளை வீட்டுக்காரன் பார்ப்பான் என்று ராத்திரியெல்லாம் முனகினேன். "பதில் தெரியலன்னு சொன்னேன் இல்லம்மா, அதைத் தேடிகினுதான் போறேன்" என்றாய். பெரிய பேச்சு என்று நொடித்துக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்குத்தான் வீட்டு ஆட்களை ஆலைக்குள் விடுவார்கள். இத்தனை வருஷம் இரும்பாலை ஆட்களுக்குச் சோறு போட்டிருக்கிறேன், அவர்கள் சட்டையில் எந்தப் பொத்தான் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் உலை என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. உள்ளே போனதும் அண்ணாந்து பார்த்தவள்தான், கழுத்தைக் கீழே இறக்க முடியவில்லை. கூரை எங்கேயோ இருக்கிறது. கிரேனுக்கு மாலை, தூணுக்கு வாழைமரம், உலைக்குச் சந்தனப் பொட்டு. எங்களையெல்லாம் தூரத்தில் ஒரு கயிறு கட்டி நிறுத்தினார்கள். பூஜை முடிந்து, முதலாளி முன்னால் முதல் இரும்பை ஊற்ற வேண்டும், அது அங்கே வழக்கம். பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் ஆரம்பம், அதற்குள் ஊற்றிவிட வேண்டும். பூசணிக்காய் உடைத்தாயிற்று. உலைக்குள் இரும்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஏழுமலை மேடைமேல், உலையைச் சாய்க்கும் பிடியில் கை வைத்துக்கொண்டு தயாராக நின்றார்.

அப்போது லேபிலிருந்து நீ ஓடிவந்தாய். ஓடிவந்து ஏழுமலையைப் பார்த்துக் கையை உயர்த்தினாய். மெஸ்ஸில் உன்னைப் பாப்பா என்கிற மனுஷன் அங்கே, "சொல்லுங்க மேடம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் சிரிப்பு போய்விட்டது. பூஜைக்காக ஆலையைச் சுத்தம் செய்தவர்கள், மூலையில் கிடந்த உடைந்த எடைக்கல், பழைய மோட்டார் மூடி எல்லாவற்றையும் பழைய இரும்போடு சேர்த்து உலையில் போட்டிருக்கிறார்கள். அத்தனையும் கார்பன் கூடிய வார்ப்பிரும்பு. வீட்டைக் கூட்டுகிறவர்கள் எல்லாக் குப்பையையும் ஒரே தொட்டியில் கொட்டுகிற மாதிரி. உலையிலிருந்து கரண்டியில் அள்ளிய சாம்பிளைச் சோதித்த உனக்குத்தான் அது தெரிந்திருக்கிறது.

"இன்னாச்சும்மா? டைம் ஆவுது, ஊத்தச் சொல்லு" என்றார் முதலாளி.

"ஊத்தக் கூடாது சார். கார்பன் ஜாஸ்தியா கீது. இதுல கம்பி போட்டா உடையும்."

"பூஜைக்கு ஊத்தறதும்மா. பேருக்குக் கொஞ்சம் ஊத்திட்டு அப்பால சரி பண்ணக்கூடாதா?"

"ஊத்தினா அதையும் கம்பியாத்தான் சார் விப்போம். யார் ஊட்டுக் கூரைக்குப் போவுதோ."

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். பூசாரியும் பார்த்தார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற அத்தனை குடும்பமும் உன்னைப் பார்த்தது. "மேனேஜரக் கேட்டியா?" என்றார் முதலாளி. கண்ணு, அந்த இடத்தில் உன் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். நான் ஊட்டி வளர்த்த பதில் அது. நீ சொல்வதற்கு முன்பே என் உதடு அசைந்தது.

"அவர் ஊருக்குப் போயிருக்கார் சார். நான்தான் சொல்றேன்" என்றாய்.

என் பக்கத்தில் உன் நைனா, "வேலை போச்சு" என்று முணுமுணுத்தார். ஏழுமலை பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டார். "மேடம் சொன்னாத்தான் சார் சாய்ப்பேன்" என்றார். நீ நல்ல இரும்பாகப் பார்த்து உலையில் போடச் சொன்னாய். போட்டார்கள். உருகும்வரை எல்லோரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றோம். மறுபடி கரண்டி, மறுபடி சாம்பிள், மறுபடி அந்தப் பெரிய ஷூவோடு நீ இரும்பு ஏணியில் இறங்கி லேபுக்கு ஓட்டம். பன்னிரண்டு அடித்தது. ராகுகாலம் வந்துவிட்டது. ராகுகாலத்தில் நான் ஊறுகாய் கூடப் போட்டதில்லை. நீ திரும்பி வந்து, "சரியா கீது, ஊத்துங்க" என்றாய். ஏழுமலை பிடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உலையைச் சாய்த்தார்.

இரும்பு உருகினால் சிவப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது வெள்ளை. பார்க்க முடியாத வெள்ளை. சத்தமே இல்லாமல், பால் வழிகிற மாதிரி வழிந்தது. கொட்டகை முழுக்க வெளிச்சம். அத்தனை பேர் முகமும் ஒரே நேரத்தில் புதிதாகத் தெரிந்தது. பொறிகள் கிளம்பி எங்கும் பறந்தன. அதன் பக்கத்தில், முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தடுப்போடு நீ நின்றாய். நான் கும்பிட்டேன். உலையைக் கும்பிட்டேனா உன்னைக் கும்பிட்டேனா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பெற்ற பெண்ணைப் பார்த்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது அன்றைக்குத்தான். என் வயிற்றில் இருந்தவளா, என் இடுப்பில் உட்கார்ந்து சோறு தின்றவளா என்று ஆச்சரியமாகவும் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. பொரிப் பொட்டலம் கொடுக்க வந்த முதலாளி, "உங்க பொண்ணா? ராகுகாலத்துல ஊத்தினதுக்கு எங்கம்மா என்னத்தான் திட்டப்போறாங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்ததும், பயமாக இல்லையா என்று உன்னைக் கேட்டேன். "கால் நடுங்குச்சும்மா. ஷூ பெருசு, யாருக்கும் தெரியல" என்றாய்.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது செவ்வாப்பேட்டை அம்மா, "அப்போ என் பையனும் ஆலைக்குப் போவணுமா?" என்று கேட்டார். எங்கே போவது என்று உங்கள் பையன்தான் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்லாதீர்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நானே முன்பு கேட்டிருந்தால் அப்படித்தான் பார்த்திருப்பேன். அதற்குள் சோறு ஆறிவிட்டது. வேறு இலை போட்டுச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினேன்.

போன மாதம், இரண்டாவது தடவை தூதரகத்துக்கு நீ தனியாகப் போனாய். "நீங்க வரவேணாம் நைனா" என்றபோது அவர் இஸ்திரி போட்ட சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அன்றைக்கு ரசத்தில் உப்பு ரெண்டு தடவை போட்டுவிட்டேன். சாயங்காலம் நீ வந்து, கையைக் கழுவிக்கொண்டு, பெஞ்சுக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டே, "குடுத்துட்டாங்கம்மா" என்றாய். பசங்கள் தட்டைத் தட்டினார்கள். "பாப்பா, அப்பால எங்களுக்கு யாரு சாம்பிள் பாக்கறது?" என்று ஏழுமலை கேட்டார்.

கூட்டம் போன பிறகு, என்ன கேட்டார்கள் என்று துருவினேன். அதே கேள்விதான் என்றாய். இந்தத் தடவை நீ விடாமல் பேசினாயாம். எங்கள் ஊர் உலைகளில் வருகிற பழைய இரும்பு வருஷத்துக்கு வருஷம் மோசமாகிறது, கெட்டதை எப்படிப் பிரித்தெடுப்பது என்று சின்ன ஆலைகளுக்குச் சொல்ல ஆளில்லை, அதைப் படித்துக்கொண்டு வந்து எல்லா ஆலைக்கும் பொதுவாக ஒரு லேபு வைக்கப்போகிறேன் என்று சொன்னாயாம். பேச்சில் வந்த ஆயுத பூஜை என்றால் என்ன என்று அதிகாரி கேட்டாராம், அதையும் சொன்னாயாம். நான் ஆ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். "எங்களப் பத்தி ஒண்ணும் கேக்கலியா?" என்றேன். கேட்டார் என்றாய். "அவங்க மெஸ் நடத்தறாங்க, கெட்டிக்காரங்க, நான் இல்லன்னாலும் நல்லா இருப்பாங்கன்னு சொன்னேன்" என்றாய்.

"அதுக்கு இன்னா கொறைச்சல்" என்று சொல்லிவிட்டு நான் அண்டாவைக் கழுவப் போனேன். நீ பார்த்திருக்க மாட்டாய், கழுவிய அண்டாவையே மறுபடி கழுவினேன்.

அடுத்த வாரம் நீ கிளம்புகிறாய். அதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும். அந்த அதிகாரியிடம் நீ சொன்னதெல்லாம் சத்தியம், அது ஒன்றைத் தவிர. நீ இல்லாமல் நாங்கள் நன்றாக இருக்க மாட்டோம், கண்ணு. அதற்காக நின்றுவிடாதே. போ.